டிஸ்-த்ரீக்கு ஜோடி தைத்த கதை

1

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற நம் ஊர்ச் சிறப்பு மலரில் நான் இடம் பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் பத்தாவது வரை படித்தேன். அறிவியலில் பாஸ் மார்க்கைத் தாண்டியதில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் கதவு ஓரமாக நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள் மனித உடம்பின் செல்லுக்குள் இருக்கிற ஒரு புரதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேப்பரில் முகம் தெரியாது என்கிற தைரியம்தான். இதில் தப்பு இருந்தால் என் மகள் ஷாலினியைத் திட்டாதீர்கள். அவள் சரியாகத்தான் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டதுதான் இப்படி.

நாங்கள் ஜெர்மனிக்கு வந்தபோது ஷாலினி ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் முனுசாமி ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் இருந்தார். எந்தத் தோலுக்கு எந்த மருந்து, எவ்வளவு நேரம் என்று தோல் பதனிடுகிற டேனரிகளுக்குப் போய்ச் செய்து காட்டுகிற வேலை. கம்பெனியே அவரை இங்கே மாற்றிவிட்டது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தேன். இங்கே, கால் கோணலானவர்களுக்கு அளவெடுத்து ஷூ செய்கிற ஒரு சின்னக் கடையில் தைக்கிறேன். மெஷின் மாறியது, ஊசி மாறவில்லை.

ஷாலினி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் ஊரில் இருக்கிற என் நாத்தனார் கலா போன் செய்தாள். அவள் கையில் எப்போதும் ஒரு மாப்பிள்ளை இருப்பான்.

"அண்ணி, பையன் வீட்ல கேக்கறாங்க. நம்ம பொண்ணு இன்னா டாக்டரு? கண்ணா, பல்லா?"

"ஊசி போடற டாக்டர் இல்ல கலா. செல்லுக்குள்ள வேல முடிஞ்சுபோன சீட்டயெல்லாம் ஒரு புரோட்டீன் துண்டு துண்டா கிழிச்சுப் போடுதாம். அதப் பத்திப் படிக்கறா."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"இத்தன வருஷமா இன்னா கிழிச்சான்னு கேட்டா, கிழிக்கறதப் பத்திதான் படிச்சான்னு சொல்லச் சொல்றீங்களா?"

"சொல்லேன். உண்மதான அது."

அந்த மாப்பிள்ளை வீட்டார் பிறகு பேசவில்லை. எனக்கு வருத்தம் ஜாஸ்தி இல்லை.

2

அந்தப் புரதத்துக்கு டிஸ்-த்ரீ என்று பெயர். எனக்குப் புரிகிற மாதிரி ஷாலினி ஒருநாள் சமையலறையில் நின்று சொன்னாள். செல்லுக்குள் மூலப் புத்தகம் ஒன்று பத்திரமாகப் பூட்டியிருக்கும். அதிலிருந்து வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வேலை நடக்கிற இடத்துக்கு அனுப்பும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகல் சீட்டைப் பார்த்து வேலை நடக்கும். முடிந்ததும் சீட்டை அழித்துவிட வேண்டும்.

"அழிக்கலன்னா?"

"செஞ்சதையே செஞ்சுக்கிட்டு இருக்கும். வேண்டாததெல்லாம் சேரும். ரத்தத்துல வர்ற ஒரு வகை கேன்சர்ல இந்தப் புரோட்டீன் கெட்டுப்போயிருக்கறதப் பாத்திருக்காங்க."

இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கம்பெனியில் ஆர்டர் முடிந்தபிறகும் பழைய சீட்டு லைனிலேயே தொங்கிக்கொண்டிருந்து, கேட்காத பிரவுன் ஷூவை நாங்கள் பாதி நாள் தைத்துத் தள்ளியிருக்கிறோம். அன்றைக்கு சூப்பர்வைசர் ஆடிய ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

டிஸ்-த்ரீ தனியாக இல்லை. வேறு ஒன்பது புரதங்கள் சேர்ந்து ஒரு பீப்பாய் மாதிரி நிற்கும். நடுவில் ஓட்டை. ஆர்.என்.ஏ. நூல் மாதிரி மேலே நுழைந்து உள்ளே இறங்கும். அடியில் டிஸ்-த்ரீ உட்கார்ந்துகொண்டு, நூலின் வால் முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டாக்கும்.

"வால்லருந்துதானா?"

"அரிசி மூட்ட பிரிப்பியே, அந்த மாதிரிம்மா. சரியான முனைய இழுத்தாதான் வரும்."

"அந்த ஒம்போது பேரும் இன்னா பண்ணுவாங்க?"

"மனுஷங்களோட பீப்பாய்ல அதுங்க வெட்டாது. புடிச்சுக்கும், வழி காட்டும். அவ்ளோதான்."

ஒன்பது பேர் சுற்றி நிற்க, ஒருத்தர் வேலை செய்கிற ஏற்பாடு உடம்புக்குள்ளேயும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஷாலினி இப்போது ஊரின் மறுகோடியில் தோழிகளோடு இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் தமிழில்தான் பேசுவாள். ஆனால் கணக்கு போடுவதும், கால் இடித்துக்கொண்டால் கத்துவதும் ஜெர்மனில். குழம்பை இரண்டு கரண்டிக்கு மேல் ஊற்றவிட மாட்டாள். கிளம்பும்போது பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள், விருந்தாளி மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

பட்டத்துக்கான கடைசிப் பரீட்சை வாயால் சொல்வது. ஒரு ஹாலில் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும், பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று கேள்விப்பட்டேன். ஷாலினி தேதியை மட்டும் சொன்னாள். எங்களைக் கூப்பிடவில்லை.

"நாங்க வரட்டா?" என்று நானே கேட்டேன்.

"வேணாம்மா. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். உங்களுக்கு போர் அடிக்கும்."

எனக்குப் போர் அடிக்குமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பல வருஷம் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து தைத்தவள் நான். அந்த ஹாலில் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை வாய்விட்டுக் கேட்க வரவில்லை.

அவள் அப்பா வேறு மாதிரி. "கூப்பிடாத எடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"உங்க பேரத்தாங்க அங்க கூப்பிடப் போறாங்க" என்று சீண்டினேன். அது உண்மை. முதன்முதலில் இங்கே பதிவு செய்யப் போனபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விளக்கப் பார்த்தோம். கவுண்டரில் இருந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, இவர் பெயரையே மூன்று பேருக்கும் போட்டு முடித்தாள். அன்றிலிருந்து நானும் முனுசாமி, மகளும் முனுசாமி. கிளினிக்கில் ஒரு முறை 'முனுசாமி' என்று கூப்பிட்டு மூன்று பேரும் எழுந்து நின்றோம்.

"டாக்டர் முனுசாமின்னு சொல்வாங்க. காதால கேக்க வேணாமா?"

டிவி சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது.

3

பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மார்த்தா, போலந்துக்காரி, ஷாலினியோடு அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவள். இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் வாங்கினவருக்குக் கூட வேலை செய்கிறவர்களே ஒரு தொப்பி செய்து தலையில் வைப்பார்கள். அதில் அவர் ஆராய்ச்சியைக் கேலியாகக் காட்ட வேண்டும். பாசி ஆராய்ச்சி செய்தவர் தலையில் மீன்தொட்டியே வைத்தார்களாம்.

மற்றவர்கள் அட்டையில் செய்வார்கள். ஷாலினியின் அம்மா தோல் தைக்கிறவர் என்று தெரிந்ததும் மார்த்தா தோலில் வேண்டும் என்று வந்துவிட்டாள். ஷாலினிக்குத் தெரியக் கூடாது. படமும், பிளாஸ்டிக்கில் செய்த மாதிரியும் கொண்டுவந்து காட்டினாள். அதே பீப்பாய். மேலே மூன்று துண்டுகள் காற்றாடி இறக்கை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அடியில் டிஸ்-த்ரீ, கொழுக்கட்டை மாதிரி ஒரு ஓரமாகத் தொங்கியது. மேல் ஓட்டையில் நீள ரிப்பன் நுழைய வேண்டும், அடியில் துண்டு துண்டாக உதிர வேண்டும்.

"நீங்கள் முதல் வரிசையில்தானே உட்காரப் போகிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டாள். மகளின் பரீட்சைக்கு அம்மா வராமல் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பேப்பரில் பேட்டர்ன் வரைந்துகொண்டேன். மார்த்தா பிளாஸ்டிக் மாதிரியைத் திரும்ப எடுத்துப்போனாள். முதலாளியிடம் கேட்டுத் துண்டுத் தோல்கள் வாங்கி, மதிய இடைவேளைகளில் தைத்தேன். முகப்புப் பக்கம் பேனாக் கோடு விழக் கூடாது என்று தோலைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கம் வரைந்து வெட்டினேன். ஒன்பது துண்டுக்கும் ஒன்பது நிறம். டிஸ்-த்ரீக்கு மட்டும் நல்ல சிவப்பு. தைத்து முடித்து மேசையில் நிறுத்தினேன். அழகாக வந்திருந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் மட்டும்தான் புரிந்துகொள்வீர்கள். மேசையில் ஒன்று தனியாக நின்றது. நம் கம்பெனிகளில் ஒற்றை ஷூ மேசையில் நின்றால் ரிஜெக்ட் கூடைக்குப் போகும். சாப்பாட்டு மணி அடித்தாலும் ஜோடியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். என் கை தானாகப் பேட்டர்னைத் திருப்பிப் போட்டது. வெட்டியது. தைத்தது. இரண்டாவது முடிந்து பக்கத்தில் வைத்தபிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு தலைக்கு எதற்கு இரண்டு தொப்பி?

முதலாளி வந்து பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் மகளுக்கு எத்தனை தலை?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். ஒன்றின் இறக்கைகள் வலப்பக்கம் சாய்ந்தன, மற்றதன் இறக்கைகள் இடப்பக்கம். அச்சு அசலாக வலது கால், இடது கால்.

4

தொப்பியை வாசலில் மார்த்தாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதாக இவரிடம் சொன்னேன். "பஸ்ல எப்படித் தூக்கிப் போவ, நானே விடறேன்" என்றார். காரைப் பல்கலைக்கழகப் பார்க்கிங்கில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"மேல வரல?"

"கூப்பிட்டாங்களா?"

பையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். மாடியில் மார்த்தா பையைத் திறந்து பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு இரண்டாவதைப் பார்த்தாள்.

"ஏன் இரண்டு?"

"ஜோடி" என்றேன். ஜெர்மனில் அதைச் சொன்னால் இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

அவள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. புரதத்துக்கு வலம் இடம் உண்டாம். கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பினால் அப்படி ஒன்று எந்த உயிரின் உடம்பிலும் கிடையாதாம். கேள்வி கேட்க வெளியூரிலிருந்து வந்திருக்கிற பேராசிரியை இதே பீப்பாயை ஆயுள் முழுக்கப் பார்த்தவள். தப்பான தொப்பியை வைத்தால் அதைத்தான் பேசிப் பேசிச் சிரிப்பாள்.

"எது சரி?"

எனக்கும் தெரியவில்லை. பேட்டர்னைக் கவிழ்த்தேனா, தோலைக் கவிழ்த்தேனா என்று தலை சுற்றியது. ஷூவில் இந்தக் கவலையே இல்லை. முதலில் இடது வந்தால் அடுத்தது வலது, எப்படியும் ஜோடி சேர்ந்துவிடும். மார்த்தாவின் மாதிரி வேறு கட்டடத்தில் பூட்டிக் கிடந்தது. ஷாலினி பேச்சில் படம் காட்டுவாள், அதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லி மார்த்தா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். மணி அடித்து, கதவைச் சாத்திவிட்டார்கள். அப்படித்தான் எனக்கு அந்த ஹாலில் ஒரு நாற்காலி கிடைத்தது. கடைசி வரிசை, ஓரம்.

ஷாலினி மேடையில் நின்றாள். நான் வாங்கித்தராத ஒரு கோட்டு போட்டிருந்தாள். இங்கிலீஷில் பேசினாள். எனக்கு டிஸ்-த்ரீ என்கிற சொல் மட்டும் அவ்வப்போது தெரிந்த முகம் மாதிரி வந்து போனது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது அப்படியே அவள் அப்பா, டேனரி முதலாளிகளிடம் மருந்தைப் பற்றி விளக்குகிற அதே கை.

திரையில் பீப்பாய் வந்தது.

வேலை என்று வந்துவிட்டால் எனக்குக் கூச்சம் மறந்துபோகும். ஒரு தொப்பியை எடுத்துப் பார்த்தேன். மடியில் வைத்தால் சாய்வு சரியாகத் தெரியவில்லை. எனக்கு நேர் முன் வரிசையில் மார்த்தா உட்கார்ந்திருந்தாள். எட்டி அவள் தலையில் வைத்தேன். பின்னால் சாய்ந்து, திரையையும் தலையையும் ஒரே பார்வையில் பார்த்தேன். இது இல்லை. எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தேன். இதுதான். இறக்கைகள் திரையில் இருப்பது போலவே சாய்ந்தன. பழக்கத்தில் தைத்த அந்த இரண்டாவதுதான் சரி. முதலில் கவனமாகத் தைத்ததுதான் எந்த உடம்பிலும் இல்லாதது.

அப்போது ஹால் அமைதியாக இருப்பது தெரிந்தது. ஷாலினி பாதி வாக்கியத்தில் நின்றிருந்தாள். மார்த்தாவின் தலையில் இருக்கிற பீப்பாயைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாரும் திரும்பினார்கள். நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

ஷாலினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

5

கேள்வி நேரம். வெளியூர்ப் பேராசிரியை மெதுவாக, நீளமாக ஒன்று கேட்டாள். ஷாலினி திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டு நாங்கள் இப்படி நின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்து, "ஐ டோன்ட் நோ" என்றாள்.

அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. திறந்து பார்த்தால் பேராசிரியை தலையாட்டிச் சிரிக்கிறாள். மார்த்தா பின்னால் சாய்ந்து என் காதில் ஜெர்மனில் சொன்னாள்: "அவங்களுக்கும் தெரியாதாம். அதனாலதான் கேட்டாங்களாம்."

பேராசிரியர்கள் உள்ளே போய்ப் பேசி, வெளியே வந்து, பாஸ் என்று சொன்னார்கள். கைதட்டல். மார்த்தா சரியான தொப்பியை ஷாலினி தலையில் வைத்தாள். ரிப்பனை இழுத்ததும் துண்டுத் துணிகள் அவள் தோள் மேல் உதிர்ந்தன. பேராசிரியை அருகில் வந்து இறக்கைகளைத் தொட்டுப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினாள்.

ஷாலினி தொப்பியோடு நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள்.

"இன்னாம்மா பண்ணிக்கிட்டு இருந்த அங்க? மார்த்தா தலைல?"

"எது வலது, எது இடதுன்னு பாத்தேன்."

"ரெண்டு பண்ணியா?" பையை எட்டிப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி எங்களக் கூப்பிடல? நாங்க வந்தா உனக்கு அசிங்கமா?"

சிரிப்பு நின்றது. "இங்க வந்த மொத வருஷம் ஞாபகம் இருக்கா? டீச்சர் கேள்வி கேட்டு நான் நின்னுக்கிட்டே இருப்பேன், பாஷ தெரியாம. நீ என்னக் கூட்டிட்டுப் போக வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு இருப்ப. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேச மாட்ட. இன்னொரு தடவ நான் பதில் தெரியாம நிக்கறத நீ பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். ஃபெயில் ஆனாக்கூட பரவால்ல. அது மட்டும் தாங்க முடியாதும்மா."

அவள் தோளில் ஒட்டியிருந்த துணித் துண்டுகளைத் தட்டிவிட்டேன்.

"பாத்துட்டேனே இப்ப" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா சத்தமா சொன்ன. கடசி வரிசைக்கும் கேட்டுச்சு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அப்பா எங்க? வீட்லயா?"

"கீழ. கார்ல."

"ஏன்?"

"நீ கூப்பிடலயே."

அவள் பையிலிருந்து இன்னொரு தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். இவர் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஷாலினி கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினார்.

"இன்னாது தலைல?"

"டிஸ்-த்ரீ."

"பாஸா?"

"பாஸுப்பா."

"ம்." ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"மேல வாங்க. எல்லாரும் இருக்காங்க."

"நான் எதுக்கு? இந்த சட்ட வேற..."

"அப்பா. கூப்பிடறேன். வாங்க."

கதவைத் திறந்து இறங்கினார். அவர் தலையில் அவள் அந்த இன்னொரு தொப்பியைக் கவிழ்த்தாள். சிவப்புக் கொழுக்கட்டை அவர் காதில் தொங்கியது.

"இது சரியா வந்ததா?" என்று என்னைக் கேட்டார். தோல்காரர் இல்லையா, முதலில் தையலைத்தான் தடவிப் பார்த்தார்.

"அது உலகத்துல எந்த உடம்புலயும் கெடையாதுப்பா" என்றாள் ஷாலினி.

"அப்ப ரேட் ஜாஸ்தி சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றாமலேயே படியேறினார். ஒருவர் தலையில் வலது, ஒருவர் தலையில் இடது. நான் பின்னால் காலிப் பையோடு போனேன். அன்றைக்கு மேலே இருந்தவர்கள் எல்லாரிடமும் நானே போய்ப் பேசினேன். தப்பும் தவறுமாகத்தான்.

6

மறுநாள் சனிக்கிழமை. ஷாலினி தோழிகளிடம் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கி மதியம் வரை தூங்கினாள், விருந்தாளி மாதிரி இல்லை. நான் துணி துவைத்தேன். இவர் காருக்குக் காற்றடிக்கப் போனார். சாயந்திரம் மழை வந்தது.